காயாத வில்லை

என் மகளின் மலத்தை ஒரு சின்ன ஊசிமருந்துக் குப்பியில் அடைத்து, பஞ்சில் சுற்றி, டிபன் பாக்ஸுக்குள் வைத்துப் பள்ளத்தூரிலிருந்து காரைக்குடிக்குப் பஸ்ஸில் கொண்டுபோயிருக்கிறேன். அப்போது அவளுக்கு ஒரு வயதும் இரண்டு மாதமும்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். ஒரு கையால் மேல்கம்பியையும் மறு கையால் டிபன் பாக்ஸையும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த ஓர் ஆச்சி என் கையைத் தொட்டார்.

"எம்புட்டு நேரந்தான் அதத் தூக்கிக்கிட்டு நிப்ப? இங்குட்டுக் குடுத்தா, மடியில வச்சுக்கிறேன்."

"வேணாங்க ஆச்சி. நான் வச்சுக்கிறேன்."

"அட, குடு தாயி. நான் ஒண்ணும் தின்னுற மாட்டேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மறுக்க வழியில்லாமல் கொடுத்தேன். அவர் அதை மடியில் வைத்து, மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு, "என்ன கொழம்பு?" என்று கேட்டார்.

"ரசம்" என்றேன்.

இதைச் சொல்லி நான் சிரித்திருக்க வேண்டும். கல்லூரியில் மற்றவர்கள் இதைக் கேட்டால் நிச்சயம் சிரிப்பார்கள். நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லத் தொடங்கினால் அடுத்து நடந்ததையும் சொல்லியாக வேண்டும்.

நாலு வருஷத்துக்கு முன்பு நடந்தது இது. எழுபதுகள் அப்போதுதான் தொடங்கியிருந்தன. காரைக்குடியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆய்வகத்தில் மாணவிகளுக்குச் செய்முறைப் பாடம், கிருமியியல் உட்பட, சொல்லிக்கொடுக்கும் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். என் கணவருக்கு வேலை நெய்வேலியில். மாதம் ஒருமுறை வருவார். பள்ளத்தூரில், சொந்தக்காரர்கள் பூட்டிவிட்டுப் போன ஒரு பெரிய வீட்டின் முன்கட்டில் நானும் மாமாவும் குழந்தையும் குடியிருந்தோம். மாமா என்றால் என் மாமனார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை நான் அந்த வீட்டுக்கு வருமுன்பே இறந்துவிட்டார். எதனால் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. அதைப் பற்றி மாமா ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்வார்: "ஊசியப் போட்டாக, போயிட்டா."

அதற்குப் பிறகுதான் அவர் புத்தகங்கள் வாங்கி ஹோமியோபதி படித்திருக்கிறார். மதுரையிலிருந்து பார்சலில் மருந்து வரும். தேக்குப் பெட்டி ஒன்றில் அறை அறையாகக் குப்பிகளை அடுக்கி வைத்திருந்தார். தெருவில் யாருக்குத் தலைவலி என்றாலும் வருவார்கள். சர்க்கரை உருண்டைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். காசு வாங்கமாட்டார்.

நான் வேலைக்குப் போகும் நாட்களில் குழந்தையைப் பார்த்துக்கொண்டதும் அவர்தான். ஒரு குறை சொல்ல முடியாது. குளிப்பாட்டுவார், கஞ்சி ஊட்டுவார், துணி அலசிக் கொடியில் போடுவார். எதிர்வீட்டு ஆச்சி வாசலில் நின்றபடியே எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொல்வார்: "மருமக காலேசுக்குப் போறா, மாமனாரு பீத்துணி அலசுறாக. நல்லாருக்கு நாயம்!" மாமா திரும்பிப் பார்க்காமலே பதில் சொல்வார்: "ஒங்க வீட்டுத் துணியும் இருந்தாக் குடுங்க ஆச்சி. கை நனைஞ்சதுதான் நனைஞ்சுச்சு." ஆச்சி முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்விடுவார்.

அப்படிப்பட்டவரிடம் நான் எப்படி, உங்கள் மருந்தில் எனக்கு நம்பிக்கையில்லை என்று சொல்வேன்? இதைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான்.

குழந்தைக்கு அந்த வருஷம் வெயில் ஏறத் தொடங்கியபோது வயிற்றுப்போக்கு வந்தது. முதலில் பல் முளைக்கிறது என்று நினைத்தோம். இரண்டு நாள் நிற்கும், மூன்றாம் நாள் மறுபடியும் தொடங்கும். சளி போல இருக்கும். ஒருநாள் அதில் ரத்தம் இழைபோல ஓடியது. மாமா தேக்குப் பெட்டியைத் திறந்து ஒரு பெரிய குப்பியை எடுத்தார். பேதிக்குக் கொடுக்கும் குடசப்பாலைப் பட்டையைச் சாராயத்தில் ஊறவைத்து இறக்கிய மருந்து. உருண்டைகளில் தெளிக்கும் மருந்தைப்போல நீர்க்கச் செய்தது அல்ல. பட்டையின் சாறு முழுசாக இறங்கியது. தாய் மருந்து என்பார். ஒரு மடக்குத் தண்ணீரில் இரண்டு சொட்டு, ஒரு நாளைக்கு நாலு வேளை. அதைக் கொடுக்கும் நாட்களில் வசம்பு கூடாது, பெருங்காயம் கூடாது, கற்பூரம் ஏற்றக்கூடாது. மற்றபடி ஆரோரூட் கஞ்சி. தண்ணீர் அதிகம் கொடுத்தால் இன்னும் போகும் என்று ஊரே சொன்னது. மாமாவும் நானும் அதை நம்பினோம்.

"டாக்டர்ட்ட ஒருக்காக் காட்டிருவமா மாமா?" என்று இரண்டு முறை கேட்டேன்.

"காட்டுவம். மூணு நாள் பாப்பம்த்தா" என்று இரண்டு முறையும் சொன்னார். நான் சரி என்று தலையாட்டினேன்.

பிறகுதான் அந்த யோசனை வந்தது. என் வாயால் மறுக்க முடியாததை ஆய்வகம் மறுக்கட்டும். மருந்தைக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்ப்பது. கிருமி சாகாது என்று எனக்கு ஏறக்குறைய நிச்சயமாகத் தெரியும். தட்டைக் கொண்டுவந்து காட்டுவது. பார்த்தீர்களா மாமா, டாக்டரிடம் போகலாம் என்பது. நான் அவரை எதிர்த்ததாகவும் இராது. மரியாதையாக முடிந்துவிடும். கோழைத்தனத்தைப் புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒங்க மருந்த எங்க லேப்ல சோதிச்சுப் பாக்கட்டுமா மாமா?" என்றதும் அவர் முகம் மலர்ந்தது. அவரே ஒரு சின்னக் குப்பியில் மருந்தை ஊற்றி, தக்கையால் அடைத்து, மேலே அழகான கையெழுத்தில் பெயர் எழுதி ஒட்டிக் கொடுத்தார்.

எங்கள் ஆய்வகத்தில் அட்டெண்டராக ஒரு பாய் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். கண்ணாடித் தட்டுகளைக் கழுவுவது, நீராவியில் வேகவைத்துச் சுத்தம் செய்வது, கிருமி வளர்ப்பதற்கான அகார் காய்ச்சுவது எல்லாம் அவர் வேலை. அகார் என்பது வேறொன்றுமில்லை, கடல்பாசிதான். அதில் இறைச்சிச் சாறும் உப்பும் சேர்த்துக் காய்ச்சித் தட்டில் ஊற்றினால் உறைந்துவிடும். பாய் கிளறிக்கொண்டே சலித்துக்கொள்வார்: "எங்க வீட்டுல நோம்புக்குக் கடப்பாசி காச்சுனா தெருவே மணக்கும். இங்கன நான் காச்சுனா மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுறீக."

அன்று நான் டிபன் பாக்ஸைத் திறந்து குப்பியை எடுத்ததும் எட்டிப் பார்த்தார். "என்ன டீச்சரம்மா, நெய்யா?"

"பாப்பாவோட... மலம் பாய். சோதிக்கணும்."

"யா அல்லா!" என்று இரண்டடி பின்னால் போனவர், உடனே முகம் மாறி, "பாப்பாவுக்கு இன்னுமா நிக்கல?" என்று கேட்டார். "ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கம்மா. இந்த வெயில்ல பச்சப்புள்ள தாங்காது."

"போகணும் பாய்" என்றேன். எல்லோரிடமும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

குப்பியில் இருந்ததைத் துளி எடுத்து, வயிற்றுக் கிருமிகளைப் பிரித்துக் காட்டும் தட்டில் இழுத்துவிட்டேன். மறுநாள் இரண்டு வகைப் புள்ளிகள் வந்திருந்தன. எல்லோர் குடலிலும் இருக்கும் சாதாரணக் கிருமியின் இளஞ்சிவப்புப் புள்ளிகள் ஒருவகை. அவற்றுக்கு நடுவே நிறமே இல்லாத, பனித்துளி போன்ற புள்ளிகள் இன்னொரு வகை. அந்த நிறமற்ற புள்ளிகளைப் பார்த்து வெகுநேரம் நின்றேன். சீதபேதிக் கிருமியாக இருக்கலாம் என்று பாடத்தில் சொல்லிக் கொடுப்பவளே நான்தான். அன்றே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போயிருக்க அந்தப் புள்ளிகளே போதும். ஆனால் "இருக்கலாம்" என்றுதானே பாடம் சொல்கிறது? உறுதி செய்ய வேறு சோதனைகள் இருக்கின்றன அல்லவா? இப்படித்தான் என் மனம் வேலை செய்தது.

அன்று மாலை இரண்டு வகையையும் தனித்தனித் தட்டில் பரப்பினேன். மருந்தின் வேலையைப் பார்க்கும் முறை எளிது. வடிதாளைப் பொத்தான் அளவுக்குச் சின்னச் சின்ன வில்லைகளாகத் துளைத்தெடுத்து, மருந்தில் நனைத்து, கிருமி பரப்பிய தட்டின் மேல் வைக்க வேண்டும். இரவு முழுவதும் உடல்சூட்டில் வைத்தால் கிருமி வளர்ந்து தட்டு முழுவதும் பால்படலம் போலப் படரும். மருந்துக்கு வலு இருந்தால் வில்லையைச் சுற்றி மட்டும் வளராமல் தெளிவாக ஒரு வளையம் இருக்கும். அவ்வளவுதான். ஆனால் சாராயத்தில் கரைத்த மருந்தாக இருந்தால், நனைத்த வில்லையை முதலில் நன்றாகக் காயவிட வேண்டும். சாராயம் பறந்துபோய் மருந்து மட்டும் தாளில் தங்க வேண்டும். கூடவே வெறும் சாராயத்தில் நனைத்த ஒரு வில்லையையும் அதே தட்டில் வைக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க. அதைக் கன்ட்ரோல் என்போம். கன்ட்ரோல் இல்லாமல் நோட்டில் முடிவு எழுதிவந்த மாணவிகளை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அன்று மாலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதை விட்டால் அடுத்த பஸ் இருட்டிய பிறகுதான். குழந்தை காலையிலிருந்து எத்தனை முறை போனதோ என்று மனம் பறந்தது. வில்லைகளை மருந்தில் முக்கினேன். இடுக்கியில் எடுத்து இரண்டு தரம் உதறினேன். ஈரமாகவே வைத்தேன். கன்ட்ரோலை நினைத்தேன். சாராயப் பாட்டில் எங்கள் துறைத் தலைவர் மேடத்தின் அலமாரிக்குள் இருந்தது, சாவியை வாங்க வேண்டும். எப்படியும் வளையம் வரப்போவதில்லை, இதற்கு எதற்கு கன்ட்ரோல் என்று தோன்றியது. பாயிடம் தட்டுகளை இன்குபேட்டரில் வைக்கச் சொல்லிவிட்டு ஓடினேன்.

மறுநாள் காலை வளையம் வந்திருந்தது.

பெரிய வளையம் இல்லை. வில்லையைச் சுற்றி ஒரு நெல்மணி அகலத்துக்கு. இரண்டு தட்டிலும். தட்டைச் சாய்த்து, வெளிச்சத்தில் பிடித்து, பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். "தெளிவாத்தான் இருக்கு" என்றார். எனக்குள் என்ன ஓடியது என்று நேர்மையாக எழுத வேண்டுமானால், முதலில் ஏமாற்றம். அடுத்து நிம்மதி. மாமாவோடு சண்டையில்லை. இத்தனை நாள் குழந்தைக்குக் கொடுத்தது வெறும் தண்ணீர் இல்லை. நான் மோசமான தாய் இல்லை. அந்த நிம்மதி எவ்வளவு இதமாக இருந்தது என்றால், நான் அதைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. முடிவு எனக்குப் பிடிக்காததாக இருந்திருந்தால் ஒருவேளை மறுபடி செய்து பார்த்திருப்பேன்.

ஒரு தட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மதியமே அனுமதி கேட்டுக் கிளம்பினேன். உயிருள்ள கிருமித் தட்டை ஆய்வகத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. அதையும் செய்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மாமா முன்கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். வீட்டில் வேட்டியும் துண்டுமாக இருப்பவர், அன்று சலவைச் சட்டை போட்டிருந்தார். தோளில் குழந்தை. அவளுக்கும் வெளியே போகும்போது போடும் பூப்போட்ட கவுன். பெஞ்சின் மேல் குடையும் கூஜாவும். கோவிலூருக்குப் போய்க் குழந்தைக்குத் திருநீறு வாங்கி வரப்போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அதற்கு முன்பே நான் பேசிவிட்டேன்.

"மாமா, வளையம் வந்துருச்சு! ஒங்க மருந்துல கிருமி சாவுது மாமா!"

அவர் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். தட்டை வாங்கவில்லை. குனிந்து பார்த்தார். நான் விரலால் வளையத்தைக் காட்டினேன்.

"இது நம்ம புள்ள வயித்துல இருந்த பூச்சியாத்தா?"

"ஆமா மாமா. அவளோடதுதான்."

"நீயே செஞ்சியா?"

"என் கையால செஞ்சேன் மாமா."

 பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பெட்டியைத் திறந்து மருந்தை எடுத்து, எண்ணி எண்ணிச் சொட்டு விட்டார். ஒரு சொட்டு தவறித் தரையில் விழுந்தது. சந்தோஷம் என்று நினைத்தேன்.

அடுத்த நாலு நாட்களும் மருந்து தவறவில்லை. இரண்டு நாள் குழந்தை பரவாயில்லை போல இருந்தாள். மூன்றாம் நாள் மறுபடியும் தொடங்கியது. மருந்து வேலை செய்யும்போது சிலசமயம் கூடிக் குறையும் என்றார் மாமா. நானும் அப்படித்தான் நினைத்தேன். வளையத்தைக் கண்ணால் பார்த்தவள் அல்லவா.

நாலாம் நாள் மேடம் என்னை அழைத்தார்.  பாய் சொல்லி அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. நான் ஆய்வகத்தில் வைத்திருந்த இன்னொரு தட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். திட்டவில்லை. தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கன்ட்ரோல் எங்கே?" என்று மட்டும் கேட்டார்.



"வைக்கல மேடம்."

"வில்லையைக் காயவச்சியா?"

"இல்ல மேடம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அலமாரிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அன்று மாலை அதே கிருமியைப் பரப்பிய ஒரு தட்டில் நாலு வில்லைகள் வைத்தேன். மருந்தில் நனைத்துக் காயவைத்தது ஒன்று. நனைத்து ஈரமாகவே வைத்தது ஒன்று. வெறும் சாராயத்தில் நனைத்த ஈர வில்லை ஒன்று. நாலாவது, கடையில் வாங்கிய மாத்திரைக் குப்பியிலிருந்து ஓர் ஆன்டிபயாடிக் கேப்சூலைப் பிரித்துக் கரைத்தது. எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். பஸ்ஸைத் தவறவிட்டேன். அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போனபோது மாமா குழந்தையை மடியில் போட்டு விசிறிக்கொண்டிருந்தார். "இன்னைக்கு ஆறு தடவ" என்றார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மாமா, நான் தப்பு செய்துவிட்டேன் போலிருக்கிறது, இப்போதே கிளம்பலாம் என்று. சொல்லவில்லை. ஒரு சோதனையைத் தப்பாகச் செய்து ஒன்றைச் சொல்லிவிட்டேன், இரண்டாவதைப் பார்க்காமல் இன்னொன்றைச் சொல்லக்கூடாது, காலையில் தெரிந்துவிடும் என்று எனக்கு நானே முறை சொல்லிக்கொண்டேன். செய்ய வேண்டிய இடத்தில் விட்டுவிட்ட முறையை, தேவையில்லாத இடத்தில் கட்டிக்கொண்டு அழுதேன்.

காலையில் பாய் எனக்கு முன்பே தட்டை எடுத்து மேசையில் வைத்திருந்தார். கேப்சூல் வில்லையைச் சுற்றி நாலணாக் காசு அளவுக்கு வெட்டவெளி. ஈர மருந்து வில்லையைச் சுற்றி அதே நெல்மணி வளையம். வெறும் சாராயத்தைச் சுற்றியும் அதே நெல்மணி வளையம், துளியும் வித்தியாசமில்லாமல். காயவைத்த மருந்து வில்லையின் விளிம்புவரை கிருமி ஏறி வளர்ந்து, தாளைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"டீச்சரம்மா, உக்காருங்க" என்றார் பாய்.

"பஸ் எப்ப பாய்?"

"இப்ப ஒண்ணு இருக்கு. ஓடுங்க. மேடத்துட்ட நான் சொல்லிக்கிறேன்."

வீட்டில் குழந்தை பெஞ்சில் துணியின் மேல் கிடந்தாள். கண்கள் உள்ளே போயிருந்தன. என்னைப் பார்த்து அழுதாள், ஆனால் கண்ணீர் வரவில்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன். அது மடிந்தபடியே நின்றது, உடம்பில் அவ்வளவு நீர் வற்றியிருந்தது. மாமா பக்கத்தில் நின்று அதைப் பார்த்தார்.  ஆணியிலிருந்து சட்டையை எடுத்து, பொத்தானைப் போடாமலே தெருவுக்கு ஓடினார். எதிர்வீட்டு ஆச்சிதான் யாரையோ அதட்டி வாடகைக் காரைக் கொண்டுவரச் செய்தார். "பாத்துக்கிட்டு நிக்கிறீகளே, ஏறுங்க!" என்று எங்களைத் தள்ளி ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் காலில் நரம்பு தேடி ஊசி ஏற்றி, சலைன் பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். டாக்டர் எத்தனை நாளாக என்று கேட்டார். நான் "ஒரு வாரமா..." என்று இழுத்தேன். மாமா குறுக்கிட்டு, "பதினெட்டு நாள்" என்றார். டாக்டர் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "நீங்க படிச்சவங்கதானே?" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. இன்று சாயந்திரத்துக்குள் சிறுநீர் போனால் பிழைப்பாள், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

தாழ்வாரத்தில் பெஞ்சு போட்டிருந்தது. மாமாவும் நானும் உட்கார்ந்தோம். வெளியே வேப்பமரத்தடியில் யாரோ பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் புளிசாத வாசனை இங்கேவரை வந்தது.

"மாமா" என்றேன். "அந்த வளையம் மருந்தால வரல. சாராயத்தால வந்தது. நான் வில்லையக் காயவிடல. இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சுச்சு."

 போடாமல் விட்டிருந்த சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார்.

"அன்னைக்கு நீ தட்டக் கொண்டாந்தியே" என்றார். "அன்னைக்கு நான் இங்குட்டுத்தான் கெளம்பி நின்டேன்."

எனக்குப் புரியவில்லை.

"ஆசுபத்திரிக்கு. புள்ளையத் தூக்கிக்கிட்டு. எனக்கு நம்பிக்க விட்டுப்போச்சுத்தா. அம்புட்டு மருந்து குடுத்தும் மறுபடி ரெத்தத்தப் பாத்தேன்ல, அன்னைக்கே விட்டுப்போச்சு. ஒங்கிட்ட எப்படிச் சொல்றதுன்டு ரெண்டு நாளு யோசிச்சேன். வெக்கமாருந்துச்சு. நீ வர்றதுக்குள்ள போய்க் காட்டிட்டு வந்துருவம்னு நெனச்சேன். நீ சீக்கிரமா வந்துட்ட."

சலவைச் சட்டை. பூப்போட்ட கவுன். குடை. கூஜா நிறையத் தண்ணீர். எல்லாம் ஒவ்வொன்றாக என் முன்னால் வந்து நின்றன.

"ஒனக்கு என் மருந்து மேல நம்பிக்க இல்லேன்டு எனக்குத் தெரியும்த்தா. நம்பாத பொண்ணே செஞ்சு பாத்துச் சொல்லுதே, அப்ப நெசமாத்தான் இருக்கும்னு நெனச்சேன். இல்லாட்டிப் போகாம நின்டிருக்க மாட்டேன்."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. குரலில் அப்படி எதுவுமில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். நான் அவரை மறுப்பதற்காகச் சோதனை செய்தேன். அவர் தன்னைத்தானே மறுத்துவிட்டு வாசலில் நின்றிருக்கிறார். ஈர வில்லையைக் கொண்டுபோய் அவரைத் திருப்பி உள்ளே அனுப்பியவள் நான்.

சாயந்திரம்வரை சிறுநீர் போகவில்லை. மறுநாள் காலையில் நர்ஸ் வந்து துணியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஈரமாக இருந்தது. மாமா எழுந்துபோய்த் தாழ்வாரத்தின் கோடியில் முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். தந்தி கிடைத்து என் கணவர் அன்று மாலைதான் வந்து சேர்ந்தார். அவரிடம் நாங்கள் இருவருமே வளையத்தைப் பற்றிச் சொல்லவில்லை. இதுவரையிலும் சொன்னதில்லை.

என் மகள் பிழைத்தாள். ஆனால் அதன்பின் ஏழெட்டு மாதம் தேறவே இல்லை. நடக்கத் தொடங்கியபோது மூன்று வயதை நெருங்கிவிட்டாள். இப்போது ஐந்து வயது. வயதுக்கு மிகவும் சிறியவளாக இருக்கிறாள். அந்தப் பதினெட்டு நாளால்தானா, இல்லை, அவள் வாகே அப்படியா? ஐந்து நாள் முன்னால் கொண்டுபோயிருந்தால் வேறு மாதிரி இருந்திருப்பாளா? அவளைக் காப்பாற்றியது சலைனா, ஆஸ்பத்திரியில் கொடுத்த கேப்சூலா, அல்லது தானே இறங்கும் நேரம்தான் அப்போது வந்ததா? தட்டில் நாலு வில்லைகள் வைத்து ஒப்பிட்டேன். எனக்கு இருப்பவளோ ஒருத்திதான். ஒப்பிட எதுவுமில்லை. அதனால் எந்தக் கேள்விக்கும் விடை கிடைக்கப்போவதில்லை. ஆனாலும் துணி துவைக்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் அதே கேள்விகள் முறை வைத்து வருகின்றன.

குடசப்பாலை பொய் என்றும் என்னால் சொல்ல முடியாது. அந்தப் பட்டை தாளில் இருந்தபடி கிருமியைக் கொல்லவில்லை, அதுதான் நான் கண்டது. உடம்புக்குள் போய் வேறெதுவும் செய்யுமா என்று நான் சோதிக்கவில்லை. மேடம் ஒருநாள் அதை விரிவாகச் செய்து பார்க்கலாமே என்றார். என்னால் அந்தக் குப்பியைத் தொட முடியவில்லை. மாமா எழுதி ஒட்டிய பெயரோடு அது ஆய்வக அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்தது. பாய் அதை எப்போது அப்புறப்படுத்தினார் என்று தெரியாது. வீட்டுக்குக் கொண்டுபோன தட்டை மட்டும் என் கண்முன்னாலேயே நீராவியில் வேகவைத்துக் கழுவி, மற்ற தட்டுகளோடு அடுக்கிவிட்டார். எது அந்தத் தட்டு என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. மாணவிகளுக்குத் தட்டு எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் இதுவாக இருக்குமோ என்று நினைக்கிறேன்.

மாமா பெட்டியை மூடிவிடவில்லை. தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் இன்னும் கொடுக்கிறார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்தால் மட்டும், "பச்சப்புள்ளைக்கு நான் பாக்குறதில்ல தாயி, காரைக்குடிக்குக் கொண்டுபோங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். "ஒங்க மருமக காலேசுல சோதிச்சு நல்ல மருந்துன்டு சொன்னதாச் சொன்னாகளே?" என்று ஒருத்தி என் காதுபடவே கேட்டாள். எப்படியோ தெருவுக்குள் அந்தப் பேச்சு போயிருக்கிறது. மாமா என் பக்கம் பார்க்காமல், "அது வேற மருந்து" என்றார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் மகள் இரண்டு முறை வெளியே போனாள். இரண்டாம் முறை கொஞ்சம் தண்ணீராக இருந்தது. நான் அவளைக் கழுவிவிட்டு முன்கூடத்துக்கு அழைத்துவந்தபோது மாமா சட்டை போட்டுக்கொண்டு நின்றார். கையில் குடை.

"போவமாத்தா?"

"ரெண்டு தடவதான் மாமா."

"சரி" என்றார். பெஞ்சில் உட்கார்ந்தார். சட்டையைக் கழற்றவில்லை. குடையைக் கீழே வைக்கவும் இல்லை. நானும் உள்ளே போய் வெளியே கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தேன். சமைக்கத் தோன்றவில்லை. மகள் எங்கள் இருவருக்கும் நடுவே தரையில் புளியங்கொட்டைகளைக் குவித்துக் குவித்துக் கலைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவ்வப்போது நிமிர்ந்து, எங்கே போகிறோம் என்று கேட்டாள்.  மூன்றாம் முறை அவளுக்கு வயிற்றால் போகவே இல்லை. பொழுது சாயும்வரை நாங்கள் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.